தெருக்குழாயும் வேட்பாளர் முகமும்: வார்டு தேர்தல் கேலிச்சித்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் காலாண்டிதழில் 2011 முதல் கேலிச்சித்திரம் போட்டு வருகிறேன். சம்பளம் கிடையாது. தேர்தல் சமயத்தில் திட்டு மட்டும் கிடைக்கும். 2011 மே 18, 2016 ஆகஸ்ட் 3, 2021 நவம்பர் 1 என்று மூன்று உள்ளாட்சித் தேர்தல்களைப் பார்த்தாயிற்று. ஐந்தாண்டுக் கெடு முடிந்து 90 நாளுக்குள் அடுத்ததை நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்குப்படி 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் இடையில் நான்காவது வரவேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் கோயிலில் என்னைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேலிச்சித்திரம், கருத்துப்படம், கார்ட்டூன் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான். வரைகிறவனுக்குக் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஓர் ஆளின் மூக்கையோ நடையையோ மிகைப்படுத்தி 'இவர்தான்' என்று காட்டுவது கேலிச்சித்திரம். ஒரு விவகாரத்தைப் பற்றி 'இதுதான் என் அபிப்பிராயம்' என்று படத்தால் சொல்வது கருத்துப்படம். முன்னது இல்லாமல் பின்னது நிற்கும். பின்னது இல்லாத முன்னது வெறும் கடற்கரை ஓவியம். காசு கொடுத்தால் பத்து நிமிஷத்தில் பெரிய தலை, சின்ன உடம்பு போட்டுக் கொடுப்பார்களே, அது.

வார்டு தேர்தலுக்கு எதற்குக் கேலிச்சித்திரம்? அதில் பெரிய தலைவர்களே இல்லையே?

அதனால்தான் அது கஷ்டம், அதனால்தான் சுவாரசியமும். நாடாளுமன்றத் தேர்தலில் முகம் பாதி வேலையைச் செய்துவிடும். தலைவரின் கண்ணாடியைப் போட்டாலே போதும். டர்பனை உள்ளடக்கிய எங்கள் எத்தெக்வினி மாநகராட்சியில் 2021-ல் 111 வார்டுகள், 222 இடங்கள். வாக்காளர் கையில் இரண்டு சீட்டு: ஒன்று வார்டு ஆளுக்கு, இன்னொன்று கட்சிக்கு. அந்த 111 கவுன்சிலர்களில் எத்தனை பேர் முகம் உங்களுக்குத் தெரியும்? எனக்கு என் வார்டு ஆள் தெரியும், பக்கத்து வார்டு ஆளை ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். தெரியாத முகத்தை எவ்வளவு மிகைப்படுத்தினாலும் வாசகருக்குச் சிரிப்பு வராது. 'யாருப்பா இது?' என்றுதான் கேட்பார்.

ஆகவே வார்டு தேர்தலில் முகத்தின் இடத்தை ஒரு பொருள் பிடித்துக்கொள்ள வேண்டும். தெருவிளக்கு, குழி, குப்பை மூட்டை, தண்ணீர் லாரி என்று ஏதாவது ஒன்று. வார்டு முழுக்க அந்தப் பொருளின் 'முகம்' எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு நாடறிந்த உதாரணம் 2011. கேப் டவுனில் டி.ஏ. (டெமாக்ரட்டிக் அலையன்ஸ் கட்சி) ஆட்சியில் இருந்த மாநகராட்சி, மகாசா பகுதியில் சுவர் இல்லாத கழிப்பறைகளை அமைத்திருந்தது. வெட்டவெளியில் பீங்கான் மட்டும். சுவரை அவரவர் எழுப்பிக்கொள்வதாக ஏற்பாடு என்றார்கள். ஏப்ரல் 29-ஆம் தேதி, தேர்தலுக்கு மூன்று வாரம் கூட இல்லாத நேரத்தில், இது மனித மாண்பை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டை ஆண்ட ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) குதூகலித்தது. ஆனால் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஏ.என்.சி. கையிலிருந்த மொக்காக்கா நகராட்சியிலும் அதே மாதிரிக் கழிப்பறைகள் இருப்பது அடுத்து வெளியே வந்தது. அந்தத் தேர்தலுக்கே 'கழிப்பறைத் தேர்தல்' என்று பெயர் விழுந்தது. கார்ட்டூன் போடுகிறவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? எந்தக் கட்சித் தலைவரையும் அந்தப் பீங்கான் மேல் உட்கார்த்தினால் படம் முடிந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு பொருளை ஒருவரோடு ஒட்டவைப்பது எப்படி?

இதில் வாத்தியார் ஸபீரோதான். ஜோனதன் ஷபீரோ என்ற கார்ட்டூன்காரரின் கையெழுத்துப் பெயர் அது. 2006-ல் ஜேக்கப் ஜூமா மீது பாலியல் வன்முறை வழக்கு நடந்தது. எச்.ஐ.வி. தொற்று ஆபத்தைக் குறைக்க உறவுக்குப் பின் ஷவரில் குளித்ததாக அவர் சாட்சி சொன்னார். வழக்கில் அவர் விடுதலையானார். ஆனால் ஸபீரோ அவர் தலையில் ஒரு ஷவர் குழாயை முளைக்க வைத்தார், அது பல வருஷம் போகவேயில்லை. 2009-ல் ஜூமா அதிபரானபோது 'ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம்' என்கிற மாதிரிக் குழாயைத் தலையிலிருந்து கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டார். அப்புறம் திரும்ப மாட்டிவிட்டார். ஒரு குழாயின் இடத்தை நாலு அங்குலம் மாற்றுவது ஒரு தலையங்கத்துக்குச் சமம் என்று எனக்குக் காட்டிய படங்கள் அவை.

நம் பேட்டையில் அமிச்சந்த் ராஜ்பன்சியின் தலைமுடி இருந்தது. இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு அமைத்த சபையில் பெரிய ஆளாக இருந்து, பிறகு மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சியைத் தொடங்கியவர். 'பெங்கால் டைகர்' என்று பட்டப்பெயர். அவர் தலையில் இருந்தது சொந்த முடியா வாங்கிய முடியா என்பது டர்பன் முழுக்க ஓடிய ஜோக். 2011-ல் என் முதல் தேர்தல் படத்தில் ஆளே கிடையாது. ஒரு மேடை, ஒரு மைக், மைக்கின் மேல் வாரிவிட்ட முடி. அவ்வளவுதான். சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு அண்ணன், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர், தூரத்திலிருந்து பார்த்தே சிரித்தார். அந்த டிசம்பரில் ராஜ்பன்சி காலமானார். இன்றும் வயதானவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

நம் ஆட்களுக்கு இதில் பழைய கதை ஏதாவது உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிடப் பழையது. 1903-ல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நாலு மொழியில் வந்தது. தமிழ்ப் பகுதி 1906-ல் நின்றுபோனது வேறு சோகம். சத்தியாக்கிரகம் சூடு பிடித்தபோது ஜோஹன்னஸ்பர்க் ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தியர்களை வைத்துக் கார்ட்டூன் போட ஆரம்பித்தன. காந்தி அவற்றைக் குஜராத்தி வாசகர்களுக்கு எடுத்து விளக்கினார். கார்ட்டூன் என்றால் என்ன, இதில் யார் யார், எதற்குச் சிரிக்க வேண்டும் என்று வாத்தியார் மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். 1908-இல் வந்த ஒரு படத்தில் டிரான்ஸ்வால் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸ் ஒரு ரோடு ரோலரை ஓட்டி வருகிறார். எதிரே இந்தியச் சமூகம் யானையாக நிற்கிறது. ரோலர் முட்டுகிறது, யானை 'கிச்சுக்கிச்சு மூட்டாதேப்பா' என்கிறது.

அந்த வருஷமே பி. எஸ். ஐயர் டர்பனில் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்று ஆங்கிலமும் தமிழுமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். காந்தியையே கடுமையாக விமர்சிக்கத் தயங்காத மனிதர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1906-ல் சென்னையில், பாரதியார் பொறுப்பில் வந்த 'இந்தியா' வார இதழ் தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தது. படமும் போட்டு, அதற்குக் கீழே நீளமாக விளக்கமும் எழுதுவார்கள். எங்கள் இதழில் பெரியவர்கள் இன்னும் 'படத்துக்கு ஒரு விளக்கம் போடேன் தம்பி' என்று கேட்பதற்கு அந்த வாசனைதான் காரணம் என்று நான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் என் படம் புரியாததும் காரணமாக இருக்கலாம்.

நிறவெறிக் காலத்தில் உள்ளாட்சித் தேர்தலே இருந்ததா?

பெயருக்கு இருந்தது. 1988 அக்டோபர் 26 அன்று எல்லா இனத்தாருக்கும் தனித்தனியாக நகராட்சித் தேர்தல் வைத்தார்கள். புறக்கணியுங்கள் என்று சொல்வதையே நெருக்கடிநிலை விதிகளின் கீழ் குற்றமாக்கியிருந்தார்கள். எழுத்தில் சொல்ல முடியாததைப் படத்தில் சொன்ன காலம் அது. 'வீக்லி மெயில்' அதற்கு முன்பே தணிக்கையான வரிகளின் மேல் கறுப்பு மை பூசியே அச்சிட்டுக் காட்டியிருந்தது. அந்த நவம்பரில் அரசு அந்தப் பத்திரிகையை ஒரு மாதம் மூடி வைத்தது. ஸபீரோவும் அந்த வருஷம் கைதாகி உள்ளே இருந்தார்.

நம் சமூகத்திலிருந்து பெயர் சொல்ல வேண்டியவர் டர்பன்காரரான நந்தா சூபென். அந்தக் காலத்திலேயே வரைந்து, பின்னர் டர்பனில் ஓவியமும் அசைவூட்டமும் கற்றுத்தரும் பள்ளியையும் நிறுவினார். வரையும் ஆசையுள்ள பிள்ளைகள் முதலில் அவர் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம் என்னுடையதைப் பார்த்தால் போதும்.

உடம்பைக் கேலி செய்யலாமா?

இதற்கு நான் பதில் சொல்லும் தகுதியை ஒரு தப்பு செய்துதான் சம்பாதித்தேன்.

2016 தேர்தல் ஆகஸ்ட் 3. ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்பாளர்கள் கோயில் கோயிலாக வந்தார்கள். ஐந்து வருஷம் எட்டிப் பார்க்காதவர்கள் வரிசையில் நின்று சொம்பு நீட்டினார்கள். அவர்களில் ஒருவரைப் பானை வயிறும் பந்து முகமுமாக வரைந்தேன். கையில் இரண்டு சொம்பு. 'ஒன்று எனக்கு, இன்னொன்றும் எனக்கு' என்று வசனம். ஆசிரியர் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள்.

இதழ் வந்த இரண்டாம் நாள் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. 'தம்பி, அவன் தின்னு ஊதல. சிறுநீரகத்துக்கு மாத்திரை சாப்பிடறான். மாத்திரையில ஊதுன முகம் அது' என்றார். திட்டவில்லை. இதழை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். 'மன்னிச்சிடுங்க ஆயா' என்று வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன். காலாண்டிதழ் என்பதால் மன்னிப்பு அச்சாவதற்குள் தேர்தல் முடிந்திருந்தது. அந்த வேட்பாளர் தோற்றார். என் படத்தால் தோற்கவில்லை, ஓட்டு வித்தியாசம் அவ்வளவு பெரியது. ஆனால் அந்த வீட்டில் அப்படியா நினைத்திருப்பார்கள்?

அந்தப் படத்தில் வயிறு தேவையே இல்லை என்பது பின்னால்தான் உறைத்தது. கேலி செய்ய வேண்டியது வருகையை. கூழ் வரிசையில் அவர் நிற்கிறார், சட்டைப் பையில் 2011 தேர்தல் துண்டறிக்கை இன்னும் கசங்காமல் இருக்கிறது. இப்படிப் போட்டிருந்தால் அடி சரியான இடத்தில் விழுந்திருக்கும். ராஜ்பன்சியின் முடி விஷயம் வேறு. அது அவரே விரும்பி வைத்துக்கொண்டது, அதைப் பற்றி ஊரே அவர் காதுபடப் பேசியது.

மிருகமாக வரையலாமா? பஞ்சதந்திரத்திலேயே இருக்கிறதே.

யானையாக, நரியாக, ஆமையாக வரையலாம். குரங்கைத் தொடாதீர்கள். நம் வீடுகளில் 'போடா குரங்கே' என்பது செல்லம். அனுமார் நமக்குச் சாமி. அதனால் இந்த நாட்டில் அந்த உருவத்துக்குள் என்ன விஷம் இருக்கிறது என்பது நமக்குச் சட்டென்று உறைக்காது. கறுப்பின மக்களை மனிதர்களே இல்லை என்று சொல்ல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய படம் அது. 2016 ஜனவரியில் டர்பன் கடற்கரைக்கு வந்தவர்களை ஒரு பெண் ஃபேஸ்புக்கில் அப்படி எழுதியதற்குச் சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ரேண்ட் கட்டச் சொன்னது. அதே வருஷம் மே மாதம் ஸபீரோவே சறுக்கினார். ஜூமா வாத்தியப் பெட்டியைச் சுற்ற, அரசு வழக்குத் துறைத் தலைவர் ஷான் ஏப்ரஹாம்ஸ் அவருடைய ஆட்டக் குரங்காக நிற்கும் படம். ஐரோப்பியத் தெருவில் பழகிய உவமைதான். இங்கே அது வேறு பொருள் தந்தது. முதலில் வாதாடினார், பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார். பல வருஷமாக வரைந்தவருக்கே அப்படி என்றால் நமக்கு?

சாமியை வரையலாமா?

நான் வரைய மாட்டேன். காரணம் பயம் மட்டும் இல்லை.

2013 அக்டோபரில் 'சண்டே டைம்ஸ்' இதழில் ஸபீரோ பிள்ளையாரை வரைந்தார். இந்தியக் கிரிக்கெட் வாரியம் பிள்ளையார் உருவில், கையில் மட்டையும் பணமுமாக. எதிரே தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் நிர்வாகிகள் தங்கள் தலைமை அதிகாரி ஹாரூன் லோர்கட்டைப் பலி கொடுக்கிறார்கள். விஷயம் நியாயமானது. இந்திய வாரியத்தின் பணபலத்துக்குப் பணிந்து நம் நிர்வாகம் சொந்த அதிகாரியை ஓரங்கட்டியது என்பதுதான் சேதி. ஆனால் இந்துக்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த பல நாள் பேச்சு முழுக்கப் பிள்ளையாரைப் பற்றியே. லோர்கட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மத விஷயத்தை விடுங்கள். படமாகவே அது தோற்றது என்பேன். எதைப் பார்க்கச் சொல்லி வரைந்தாரோ அதை ஒருவரும் பார்க்கவில்லை.

கோயிலை வரையலாம். சாமியிடம் கையேந்தும் வேட்பாளரையும் வரையலாம். அவர் முதுகைக் காட்டுங்கள், சந்நிதிப் பக்கம் இருட்டாக விடுங்கள்.

வழக்குப் போடுவார்களா?

போடலாம். ஜெயிப்பது வேறு விஷயம். அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கருத்துரிமையோடு கலைப் படைப்புரிமையையும் சேர்த்தே சொல்கிறது. அதற்கு வெளியே நிற்பவை மூன்று: போர்ப் பிரசாரம், உடனடி வன்முறைக்குத் தூண்டுவது, இனம், பால், மதம் போன்றவற்றின் பேரில் வெறுப்பைப் பரப்பித் தீங்கிழைக்கத் தூண்டுவது. 'மனசு புண்பட்டது' அந்தப் பட்டியலில் இல்லை.

ஜூமா தம் வழக்கறிஞர்களை விடாமல் அனுப்பிப் பார்த்தார். நீதிதேவதையை அவர் வன்புணரப்போவதாக ஸபீரோ 2008-ல் வரைந்த படத்துக்கு 50 லட்சம் ரேண்ட் கேட்டார். 2012 அக்டோபரில், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், வாபஸ் வாங்கிக்கொண்டார். 2005-ல் ஒரு பீர் கம்பெனியின் முத்திரையைக் கிண்டல் செய்த டி-ஷர்ட் வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய், டி-ஷர்ட்காரர் பக்கம் தீர்ப்பானது. சட்டத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டா என்று நீதிபதி ஆல்பி சாக்ஸ் கேட்டது அந்த வழக்கில்தான்.

அதற்காகத் தலைகால் தெரியாமல் ஆடக்கூடாது. 2011-ல் ஒரு பள்ளித் துணைத் தலைமையாசிரியரின் முகத்தை வேறு உடம்பில் ஒட்டி ஆபாசப் படமாக்கிய மாணவர்களுக்கு எதிராக அதே நீதிமன்றம் இழப்பீட்டை 25,000 ரேண்டாகக் குறைத்து உறுதி செய்தது. பொது விவகாரத்தைப் பற்றிய நேர்மையான அபிப்பிராயம், அடியில் உண்மையான ஒரு செய்தி: இந்த இரண்டும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 'லஞ்சம் வாங்கினார்' என்று படத்தில் எழுதுவதற்கு முன்னால் மட்டும், அதைச் சொன்ன தணிக்கை அறிக்கையோ தீர்ப்போ கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு ஜோக்குக்காக ஆசிரியரை ஜெயிலில் போட்டார்களாமே?

1987-ல். 'ஆனந்த விகடன்' அட்டையில் சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர் இருவரையும் பிக்பாக்கெட், முகமூடிக் கொள்ளைக்காரன் என்று கிண்டல் செய்த ஜோக். சபை உரிமையை மீறியதாக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள். அவர் நீதிமன்றம் போய்ப் பின்னால் ஜெயித்தார். எங்கள் மாநகராட்சி மன்றத்துக்கு அப்படி ஒரு அதிகாரம் கிடையாது. கவுன்சிலர் உங்களை அடுத்த காவடிக்கு அன்னதானக் கமிட்டியிலிருந்து வேண்டுமானால் எடுக்கச் சொல்லலாம்.

தேர்தல் காலத்துக்கென்று தனி விதி உண்டா?

பொய்த் தகவல் பரப்புவது குற்றம். ஆனால் கருத்து வேறு, தகவல் வேறு. 2014-ல் டி.ஏ., ஜூமா உங்கள் பணத்தைத் திருடி வீடு கட்டினார் என்று நிகாண்ட்லா அறிக்கை (அவர் சொந்த வீட்டுக்கு ஆன அரசுச் செலவு பற்றியது) காட்டுவதாக வாக்காளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. 2015 ஜனவரியில் அரசியல் சட்ட நீதிமன்றம் அது தடைக்குள் வராது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. துண்டறிக்கையாக அச்சிட்டால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி வேண்டும். காசு வாங்கிப் போட்டால் மேலே 'விளம்பரம்' என்று போட வேண்டும். வாக்குப்பதிவு நாளில் இதழைத் தூக்கிக்கொண்டு சாவடிப் பக்கம் போகாதீர்கள்.

கட்சிக்காரர் காசு கொடுத்து எதிராளியை வரையச் சொன்னால்?

கேட்டிருக்கிறார்கள், 2016-ல் ஒன்று, 2021-ல் இரண்டு. பன்னி சௌ (குழம்பு ஊற்றிய ரொட்டி) வாங்கிக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். வரையவில்லை.

2021 தீபாவளி மலரில் வெறும் விளக்குக் கம்பத்தை வரைந்திருந்தீர்களே, அது என்ன?

அந்த வருஷம் வாக்குப்பதிவு நவம்பர் 1, தீபாவளி நவம்பர் 4. ஜூமா சிறைக்குப் போனதையொட்டி வெடித்த ஜூலைக் கலவரம் முடிந்து நாலு மாதம் ஆகவில்லை. டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். இந்தியக் குடியிருப்புகளின் தடுப்பு அரண்களில் நடந்தவை பற்றிக் கொலை வழக்குகள் இருந்தன. அக்டோபர் தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் கம்பங்களில் டி.ஏ. தட்டி கட்டியது: ஏ.என்.சி. உங்களை இனவெறியர் என்றது, டி.ஏ. உங்களை வீரர் என்கிறது. நாடே கொந்தளித்தது. கட்சியின் மாகாணத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், தட்டிகள் இறங்கின.

நான் நாலு படம் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் தட்டிக்காரர், ஒன்றில் தட்டியைப் பார்க்கும் ஒரு தாய். எந்தப் படத்திலும் யாராவது ஒருவர் முகத்தைச் சிரிக்கும்படியாக வரைய வேண்டியிருந்தது. கை ஓடவில்லை. இறந்தவர்களின் தெரு இதே நகரத்தில்தான். கடைசியில் தட்டி இறங்கிய கம்பத்தை மட்டும் வரைந்தேன். அறுத்த கேபிள் டை இரண்டு தொங்குகிறது. வசனம் இல்லை. வழக்கமாக வரும் திட்டுக்கூட வரவில்லை. ஒரு அக்கா மட்டும் 'தம்பி, உன் படம் அச்சாகாம போயிடுச்சா? வெறும் கம்பம்தான் இருக்கு' என்று கேட்டார். சரி, அது தோல்வியா இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வசனத்தைத் தமிழில் எழுதினால் எத்தனை பேர் படிப்பார்கள்?

இதழ் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் ஆயாவுக்கு மட்டும்தான் தமிழ் படிக்கத் தெரியும். பேரப்பிள்ளைகள் படத்தைத்தான் பார்ப்பார்கள். இன்னொரு சங்கடம் இடம். 'மாநகராட்சி உறுப்பினர்' என்று எழுதினால் பேச்சுக் குமிழ் படத்தையே தின்றுவிடும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை, 'கவுன்சிலர்' என்றுதான் சொல்கிறோம். நான் வைத்திருக்கும் கணக்கு ஆறு சொல். அதற்குள் முடியாவிட்டால் படத்தில் கோளாறு இருக்கிறது. ஜோஜோ தண்ணீர்த் தொட்டியின் மேல் 'ஜோஜோ' என்று எழுத வேண்டாம். பச்சைத் தொட்டியைப் பார்த்தாலே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். 'ராபட்' என்றால் இங்கே போக்குவரத்து விளக்கு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு உறவினர், அணைந்துபோன ராபட் பற்றிய என் ஜோக்கைப் படித்துவிட்டு இயந்திர மனிதனைப் படத்தில் ரொம்ப நேரம் தேடினார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் இதழில் தேர்தல் படம் பழசாகிவிடாதா?

தலைவர்களின் சண்டையை வரைந்தால் பழசாகும். எங்கள் தெருமுனைக் குழி 2016-ல் நான் வரைந்தது, 2021-ல் திரும்ப வரைந்தேன், கொஞ்சம் அகலமாக. ஒரு வார இதழ்க்காரருக்கு இந்த வசதி கிடையாது.

அப்புறம் நிஜமான தீனி தேர்தல் முடிந்துதான் வரும். 2021-ல் எத்தெக்வினியில் ஏ.என்.சி. 222-ல் 96 இடம்தான் பிடித்தது. மேயர் நாற்காலிக்காகச் சிறு கட்சிகளின் வாசலில் பெரிய கட்சி நின்றது. பெண் பார்க்கப் போகும் தாம்பாளத் தட்டு, பூ, பழம், வாசலில் செருப்பு வரிசை. அதை வரைய எனக்கு இருபது நிமிஷம்தான் ஆனது.

என்ன பேனா, என்ன தாள்?

சாதாரணத் தாள், இந்திய மை, தொட்டு எழுதும் முள். எங்கள் இதழ் ஜெராக்ஸ் மாதிரி இயந்திரத்தில் அச்சாகிறது. மெல்லிய கோடெல்லாம் அதில் காணாமல் போகும். பென்சில் நிழல் அழுக்கு மாதிரி விழும். ஆகவே கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, வெள்ளை என்றால் வெறும் தாள். நடுவில் வேண்டுமென்றால் கோடு கோடாக இழுங்கள், கோடுகளுக்கு இடையே அரிசி புகும் அளவு இடம் விடுங்கள். வரைந்ததைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது முதலில் தெரிகிறதோ அதுதான் உங்கள் படம் சொல்லும் சேதி. என் கூழ்ப் படத்தில் முதலில் தெரிந்தது வயிறு.

கீழே வைத்து வரையும் பலகை எங்கே கிடைக்கும்?

கடையில் வாங்காதீர்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் கட்சிகள் கம்பங்களிலிருந்து தட்டிகளை இறக்கியாக வேண்டும். எல்லாவற்றையும் அவர்கள் இறக்குவதில்லை. காற்றில் விழுந்து கிடப்பதை எடுத்துக் கோழிக் கூண்டுக்கு வைப்பவர்கள் உண்டு, கராஜ் ஜன்னலை அடைப்பவர்கள் உண்டு. அட்டை உறுதியாக, மடியில் வைக்க வாகாக இருக்கும். என்னிடம் இருப்பது 2016 பலகை. வேட்பாளர் முகம் கீழ்ப்பக்கம், கால்முட்டிமேல் படும்படி வைத்துக்கொள்வேன். மை ஊறி மூக்குப் பக்கம் கொஞ்சம் கறுத்திருக்கிறது. யார் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.